பின் ஏன் துளைக்குள் இறங்கவில்லை? கிரிட், ஸ்னாப், மில் பற்றி ஓர் எளிய விளக்கம்

எலக்ட்ரானிக்ஸ் பழகுபவர்கள் பயன்படுத்தும் ஆர்டுயினோ ஊனோ போர்டு கைவசம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்க ஓரத்தில் கறுப்பு நிறத்தில் இரண்டு சாக்கெட் வரிசைகள் இருக்கும். 0 முதல் 7 வரை ஒன்று. 8இல் தொடங்குவது மற்றொன்று. 7ஆம் பின்னுக்கும் 8ஆம் பின்னுக்கும் நடுவே அளந்தால் ஏறக்குறைய 4.06 மி.மீ. வரும். மற்ற பின்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று 2.54 மி.மீ. தள்ளி இருக்கின்றன. ஒரு பின்னுக்கு இடம் விட்டிருந்தால்கூட 5.08 வந்திருக்க வேண்டும். 4.06 எந்தக் கணக்கிலும் சேராத எண். அதனால் கடையில் விற்கும் டாட் போர்டை (சம இடைவெளியில் துளையிட்ட பலகையை) வெட்டி, பின் வைத்து, ஊனோவின் தலையில் அப்படியே உட்கார வைக்க முடியாது. ஒரு வரிசை இறங்கினால் அடுத்தது இடிக்கும்.

தொடக்க காலப் போர்டுகளில் இப்படி அமைந்துவிட்ட இடைவெளியைப் பிறகு மாற்றவில்லை. மாற்றினால், ஏற்கெனவே சந்தைக்கு வந்துவிட்ட ஷீல்டுகள் (ஊனோவின் மேல் செருகும் துணைப் போர்டுகள்) எதுவும் புதிய போர்டில் பொருந்தாது. ஆக, கிரிட்டை, அதாவது அந்த 2.54 மி.மீ. ஒழுங்கை, விட்டு விலகிய ஒரு வரிசை அப்படியே நிலைத்துவிட்டது.

பி.சி.பி. (பாகங்களைப் பொருத்தி இணைக்கும் மின்சுற்றுப் பலகை) வரையப் பழகும் மாணவர்களிடம் இதைக் காட்டினால் முதலில் வரும் பதில் இதுதான்: “ஸ்னாப் ஆன்ல இருந்தா தப்பவே தப்பாதே சார்!” தப்பும். ஸ்னாப் ஆனில் இருக்கும்போதே தப்பும், அதுவும் மிகத் துல்லியமாகத் தப்பும். நானே அப்படித் தவறு செய்திருக்கிறேன், அந்தக் கதை கீழே வருகிறது. அதற்கு முன் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம். பேச்சில் இவை மூன்றும் ஒரே பொருளில் புழங்குவதால்தான் பாதிக் குழப்பம்.

அலகு, கிரிட், ஸ்னாப்

தையல்கடை டேப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் இஞ்ச், திருப்பினால் சென்டிமீட்டர். டேப்பைத் திருப்பியதால் சட்டைத்துணி நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. அளவு அதேதான், அதைச் சொல்லும் எண்தான் மாறுகிறது. இது அலகு.

அதே துணியில் தையல்காரர் சாக்பீஸால் இரண்டு இஞ்சுக்கு ஒரு கோடு போடுகிறார். வெட்டுவதற்கு வசதியாக அவரே வைத்துக்கொண்ட அடையாளம் அது. வேறு ஒருவர் ஒன்றரை இஞ்சுக்குப் போடலாம். இது கிரிட்.

“கோட்டிலதான் வெட்டணும், நடுவுல எங்கயும் கத்திரி வைக்கக் கூடாது” என்று உதவிக்கு இருக்கும் பையனிடம் சொல்கிறார். இது ஸ்னாப்.

மென்பொருளிலும் அப்படித்தான். அலகு என்பது எண்ணைக் காட்டும் மொழி. கிரிட் என்பது சம இடைவெளியில் வைத்த புள்ளிகளின் வலை. ஸ்னாப் என்பது நீங்கள் எங்கே கிளிக் செய்தாலும் அருகிலிருக்கும் புள்ளிக்கு இழுத்துக்கொண்டு போகும் விதி. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. திரையில் மில்லிமீட்டர் காட்டிக்கொண்டே இஞ்ச் கணக்கில் அமைந்த கிரிட்டில் வேலை செய்யலாம். பலர் தெரியாமலேயே அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இங்கே உதாரணங்களுக்கு கீகேட் என்ற, பி.சி.பி. வரையும் இலவச மென்பொருளையே எடுத்துக்கொள்கிறேன். கல்லூரி லேப்களில் அதை அதிகம் பார்க்க முடிகிறது, எனக்கும் அதுதான் பழக்கம். மற்ற மென்பொருள்களில் பட்டனின் இடம் மாறும், சங்கதி மாறாது.

மில் என்றால் மில்லிமீட்டர் இல்லை

முதல் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. மில் என்பது மில்லிமீட்டரின் செல்லப்பெயர் என்று நினைப்பவர்கள் நிறைய. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், ‘ஆயிரம்’ என்று பொருள்தரும் லத்தீன் சொல். மில்லிமீட்டர் என்றால் மீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. மில் என்றால் இஞ்சில் ஆயிரத்தில் ஒன்று. ஒரு மில் 0.0254 மி.மீ. ஏறக்குறைய நாற்பது மில் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். பத்து மில் அகலத்தில் டிராக் போடு என்று சொன்னால் கால் மில்லிமீட்டர் அகலத்தில் போட வேண்டும். பத்து மில்லிமீட்டரில் போட்டால் சுண்டுவிரல் அகலத்துக்குச் செம்பு ஓடும். (டிராக் என்பது போர்டில் மின்சாரம் போகும் செம்புப் பாதை.)

ஒரே துறையில் ஏன் இரண்டு அலகு? பிளைவுட் கடைக்குப் போனால் “எட்டுக்கு நாலு, பதினெட்டு எம்.எம்.” என்று கேட்கிறோம். நீள அகலம் அடியில், கனம் மில்லிமீட்டரில். யாருக்கும் உறுத்துவதில்லை. பி.சி.பி. உலகம் அதைவிட மோசம். டிராக் அகலத்தை மில்லில் சொல்வார்கள். போர்டின் கனம் 1.6 மி.மீ. என்பார்கள். அதன் மேல் ஒட்டியிருக்கும் செம்பின் கனத்தை அவுன்ஸில் சொல்வார்கள்! ஒரு சதுர அடியில் ஒரு அவுன்ஸ் செம்பைப் பரப்பினால் வரும் கனம் என்று அர்த்தம், ஏறக்குறைய 35 மைக்ரான். இதை முதல்முறை கேட்டபோது யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

இஞ்ச் வந்த வழி எளிது. ஐ.சி. (சிப்) என்றதும் கண்முன் வரும் கரப்பான்பூச்சி வடிவம், இரண்டு பக்கமும் கால் வைத்த கறுப்புப் பெட்டி, அமெரிக்காவின் ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் 1960களின் நடுவில் உருவானது. டிப் என்று சொல்கிறோமே, அது. அதன் கால்களுக்கு இடையே பத்தில் ஒரு இஞ்ச், அதாவது 100 மில். அதைப் பின்பற்றி சாக்கெட், பிரெட்போர்டு, டாட் போர்டு, பின் ஹெடர் (பின்களை வரிசையாக வைத்த இணைப்புத் துண்டு) எல்லாம் 100 மில்லுக்கு வந்தன. இப்படி அடுத்தடுத்த இரண்டு கால்களின் நடுமையங்களுக்கு இடையே உள்ள தூரத்துக்குப் பிட்ச் என்று பெயர். பிற்பாடு வந்த சின்னச் சின்ன ஐ.சி.கள் பலவும் மெட்ரிக் பிட்ச் எடுத்துக்கொண்டன: 0.8, 0.65, 0.5 மி.மீ. என்று. ஊனோவின் மூளையான ஏ.டி.மெகா328பி சிப்பே இதற்குச் சாட்சி. டிப் வடிவில் வாங்கினால் பிட்ச் 2.54 மி.மீ.; தட்டையான 32 கால் சதுர வடிவில் வாங்கினால் 0.8 மி.மீ. உள்ளே இருப்பது ஒரே சிப், வெளியே இரண்டு அளவு முறை.

ஒரு நல்ல விஷயம், இஞ்சுக்கும் மில்லிமீட்டருக்கும் உள்ள உறவில் இழுபறி கிடையாது. 1959இல் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட நாடுகள் சேர்ந்து செய்த ஒப்பந்தப்படி ஒரு இஞ்ச் என்பது 25.4 மி.மீ., சரியாக. அதற்குப் பின்னால் முடிவில்லாத தசமம் எதுவும் இல்லை. இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அடுத்த பகுதியில் தெரியும்.

திரையில் ஒரு எண், உள்ளே ஒரு எண்

“இஞ்சுக்கும் மி.மீ.க்கும் மாத்தி மாத்திப் போட்டா அளவு கெட்டுப் போயிடும்” என்று ஒரு பயம் பரவலாக உண்டு. கெடாது. ஏன் என்று பார்ப்போம்.

கடைக்காரர் கணக்கை 12 ரூபாய் 50 காசு என்று எழுதாமல் எல்லாவற்றையும் காசாக மாற்றி, 1250 என்று முழு எண்ணாகவே வைத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். கூட்டினாலும் கழித்தாலும் எங்கும் தசமம் வராது. உங்களுக்குச் சொல்லும்போது மட்டும் ரூபாயாக மாற்றிச் சொல்வார்.

கீகேட்டின் போர்டு எடிட்டரும் இதைத்தான் செய்கிறது. அதன் ‘காசு’ நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒன்று. 2.54 மி.மீ. உள்ளே 25,40,000 என்று இருக்கும். ஒரு மில் 25,400. இஞ்ச் சரியாக 25.4 மி.மீ. என்பதால் மில்லும் முழு எண்ணாகவே விழுகிறது, மில்லிமீட்டரும் முழு எண்ணாகவே விழுகிறது. நீங்கள் அலகை நூறு முறை மாற்றினாலும் உள்ளே இருக்கும் எண் அசையாது. அதை மொழிபெயர்த்துக் காட்டும் மொழிதான் மாறுகிறது.

முன்பு இப்படி இல்லை. கீகேட்டின் பழைய பதிப்புகளில் உள் அலகு பத்தில் ஒரு மில்லாக இருந்தது. அதில் 0.5 மி.மீ. என்பது 196.85 என்று வரும். முழு எண்தான் வேண்டும் என்பதால் 197 ஆகிவிடும். மெட்ரிக் பாகங்கள் பெருகியபோது இந்த உரசல் தொல்லையானது. மேலே சொன்ன பயம் அந்தக் காலத்து மிச்சமாக இருக்கலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். திரை காட்டுவது சுருக்கிய எண். 0.65 மி.மீ.யை மில்லில் பார்த்தால் 25.59 என்று தெரியும். முழுசாக எழுதினால் 25.5906 என்று அது நீளும். பார்ப்பதால் கேடில்லை. அந்த 25.59ஐப் பார்த்து வேறு இடத்தில் நீங்களே தட்டினால், தட்டியதுதான் உள்ளே போகும். பாகத்தின் டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) எந்த அலகில் இருக்கிறதோ அதே அலகில் எண்ணைத் தட்டுங்கள். கீகேட்டில் திரை எந்த அலகில் இருந்தாலும் கட்டத்துக்குள் எண்ணோடு அலகின் பெயரையும் சேர்த்துத் தட்டினால் அதுவே மாற்றிக்கொள்ளும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மில் வேறு, மில்லிமீட்டர் வேறு. அலகை மாற்றினால் வரைபடம் மாறாது. உள்ளே எல்லாம் ஒரே பொடி அலகில் முழு எண்களாக இருக்கின்றன. ஆக, அலகு குற்றவாளி இல்லை. குற்றவாளியைத் தேடி கிரிட் பக்கம் போவோம்.

புள்ளி வைப்பது போலத்தான்

கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு கிரிட்டை விளக்கவே வேண்டாம். முதலில் புள்ளி, அப்புறம் கோடு. புள்ளிகள் ஒழுங்காக இருந்தால் கோடு தானாக ஒழுங்காகும். ஒரு வரிசைப் புள்ளியை நெருக்கி வைத்துவிட்டால் எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் கோலம் கோணும்.

இரண்டு விஷயங்கள் கோலத்திலிருந்து அப்படியே இங்கே வருகின்றன. முதலாவது, புள்ளிகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பது மட்டும் போதாது. முதல் புள்ளியை எங்கே வைத்தோம் என்பதும் வேண்டும். நேர்ப்புள்ளிக் கோலத்திலும் ஊடுபுள்ளிக் கோலத்திலும் ஒரு வரிசைக்குள் புள்ளிகளின் இடைவெளி ஒன்றுதான். ஊடுபுள்ளியில் அடுத்த வரிசை பாதி இடைவெளி நகர்ந்து தொடங்குகிறது, அவ்வளவே. கோலமே வேறாகிவிடுகிறது. மென்பொருளில் இந்த முதல் புள்ளிக்கு கிரிட் ஆரிஜின் என்று பெயர். உங்கள் நண்பரும் நீங்களும் ஒரே 1 மி.மீ. கிரிட்டில் வேலை செய்தாலும், அவருடைய ஆரிஜின் அரை மி.மீ. தள்ளி இருந்தால் உங்கள் பாகமும் அவர் பாகமும் ஒருபோதும் ஒரே கோட்டில் நிற்காது.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியும் புள்ளிகள்தான் கிரிட் என்று நினைக்க வேண்டாம். தூரத்திலிருந்து பார்க்கும்போது எல்லாப் புள்ளிகளையும் காட்டினால் திரையே சாம்பல் பூசியது போல ஆகிவிடும் என்பதால், மென்பொருள் சிலவற்றை மறைத்துவிட்டு இடைவெளி விட்டுத்தான் காட்டும். கர்சர் ‘புள்ளியே இல்லாத இடத்தில்’ நிற்பதாகத் தோன்றினால் பெரும்பாலும் காரணம் இதுதான். கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள், அங்கே புள்ளி இருக்கும்.

சரி, இரண்டு கிரிட் ஒன்றோடொன்று மோதினால் என்ன ஆகும்? 2.54 மி.மீ. கிரிட்டும் 0.5 மி.மீ. கிரிட்டும் ஒரே மூலையில் தொடங்கட்டும். முதல் கிரிட் 2.54, 5.08, 7.62 என்று போகிறது. அவற்றுக்குக் கிட்டே இரண்டாவதில் விழும் புள்ளிகள் 2.5, 5.0, 7.5. பக்கத்தில் பக்கத்தில் போகின்றன, சேரவில்லை. அடுத்து இரண்டும் ஒரே இடத்தில் விழுவது 63.5 மி.மீ.யில். ஊனோ போர்டின் முழு நீளமே 68.6 மி.மீ. தான்! ஆகவே இஞ்ச் கிரிட்டில் வைத்த ஹெடருக்கும் மெட்ரிக் கிரிட்டில் வைத்த ஐ.சி.க்கும் நடுவே டிராக் இழுத்தால், அது கடைசியில் ஒரு சின்ன வளைவு போட்டுத்தான் சேரும். அசிங்கமாகத் தெரியும், ஆனால் வேலை செய்யும். அதை நேராக்க இரவு முழுக்க உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

ஸ்னாப் செய்வது என்ன, செய்யாதது என்ன

டவுன் பஸ்ஸில் வீட்டு வாசலில் இறங்க முடியாது. ஸ்டாப்பில்தான் இறக்கிவிடுவார்கள். வீடு இரண்டு ஸ்டாப்புக்கு நடுவில் இருந்தால் எது கிட்டே இருக்கிறதோ அங்கே இறங்கி நடக்க வேண்டியதுதான். ஸ்னாப் அந்த பஸ்.

கணக்காகச் சொன்னால் இது வெறும் முழுமையாக்கல். கிரிட் 0.5 மி.மீ. என்றால், மவுஸ் 12.37இல் இருக்கும்போது கிளிக் செய்தால் பொருள் 12.5இல் விழும். 12.2இல் செய்தால் 12.0இல் விழும். இடத்தை கிரிட் அளவால் வகுக்கிறது, கிட்டத்து முழு எண்ணாக்குகிறது, மறுபடி கிரிட் அளவால் பெருக்குகிறது. இதற்கு மேல் இதில் அறிவு எதுவும் இல்லை. இதற்குச் சிப் என்றால் என்ன என்றும் தெரியாது, பின் என்றால் என்ன என்றும் தெரியாது.

அதனால் மூன்று காரியங்களை ஸ்னாப் செய்யாது. ஒன்று, ஏற்கெனவே வைத்ததைத் தொடாது. கிரிட்டை மாற்றியதும் பழைய பாகங்கள் ஓடிவந்து புதிய புள்ளிகளில் நிற்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். வராது, பஸ் ஸ்டாப்பை மாற்றினால் வீடு நகராது. இரண்டு, கிரிட் அளவு சரியா என்று பார்க்காது. தவறான கிரிட்டைக் கொடுத்தால் தவறான இடத்தில், மிக ஒழுங்காக வைத்துத் தரும். மூன்றாவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு பாகத்தை நகர்த்தும்போது அதன் எந்த இடம் புள்ளியில் போய் உட்காருகிறது? முழு பாகமும் ஒரே புள்ளியில் உட்கார முடியாதே. ஃபுட்பிரின்ட் என்பது ஒரு பாகம் போர்டில் பதியும் தடம், அதன் துளைகளும் செம்புப் பட்டைகளும் சேர்ந்தது. அந்தப் பட்டைகளுக்குப் பேட் என்று பெயர். ஒவ்வொரு ஃபுட்பிரின்ட்டுக்கும் ஒரு பிடி இருக்கும். டிப் வகைக்கு வழக்கமாக முதல் பின். தட்டையான சிப்புகளுக்கு வழக்கமாக நடுமையம். கிரிட்டில் உட்காருவது அந்தப் பிடி மட்டுமே. 0.65 மி.மீ. பிட்ச் கொண்ட, பக்கத்துக்கு எட்டுக் கால் வைத்த சிப் ஒன்றை 0.5 மி.மீ. கிரிட்டில் நடுமையமாக வைத்தால் அந்த வரிசையில் பேட்கள் மையத்திலிருந்து 0.325, 0.975, 1.625 என்று விழும். ஒன்றுகூடப் புள்ளியில் இல்லை. “ஸ்னாப் ஆன்ல இருந்தும் பேட் கிரிட்ல இல்லையே” என்று முறையிடுவார்கள். அது இருக்கவும் முடியாது, இருக்க வேண்டியதும் இல்லை.

டிராக் இழுக்கும்போது இதற்கு மாற்று ஒன்று இருக்கிறது: பொருள் ஸ்னாப். கர்சர் ஒரு பேடின் அருகே போனால் கிரிட்டை மறந்துவிட்டு பேடின் நடுமையத்துக்குக் காந்தம்போல ஒட்டிக்கொள்ளும். திரையில் இரண்டும் ஒரே மாதிரி ‘டக்’ என்று இழுப்பதால் பலர் ஒன்றென்றே நினைக்கிறார்கள். ஒன்று இடத்தைப் பார்க்கிறது, மற்றது பொருளைப் பார்க்கிறது. டிராக்கைப் பேடோடு இணைக்க எப்போதும் இரண்டாவதையே நம்புங்கள்.

எனக்கு நடந்தது

என் இரண்டாவது போர்டு. 20 பின் ஒற்றை வரிசை ஹெடர் ஒன்று வேண்டும். தயார் ஃபுட்பிரின்ட்கள் இருக்கும் மென்பொருள் லைப்ரரியில் தேடச் சோம்பல். நானே ஃபுட்பிரின்ட் வரைந்தேன். மில்லிமீட்டர்தான் எனக்குப் பழக்கம் என்பதால் கிரிட்டை 2.5 மி.மீ. என்று வைத்து, டக் டக் என்று இருபது பேட் வைத்தேன். ஸ்னாப் ஆனில் இருந்தது. வரிசை அவ்வளவு நேர்த்தி. போர்டும் வந்தது. ஹெடரை வைத்து அழுத்தினால் நாலைந்து பின்வரை இறங்குகிறது, அதற்குப் பிறகு மறு முனை துளைக்கு வெளியே முட்டிக்கொண்டு நிற்கிறது. தயாரித்தவர்கள் மேல் கோபம் வந்து, வெர்னியர் வைத்து அளந்த பிறகுதான் கோபம் என் பக்கம் திரும்பியது.

வித்தியாசம் ஒரு இடைவெளிக்கு 0.04 மி.மீ. மட்டுமே, தலைமுடியைவிட மெல்லியது. ஆனால் இருபது பின்னுக்கு நடுவே பத்தொன்பது இடைவெளி. 19 x 0.04 = 0.76 மி.மீ. பின்னின் குறுக்குக் கனமே 0.64 மி.மீ. தான். ஒரு முழு பின் அளவுக்குத் தள்ளிப் போய்விட்டது. சிறு பிழை கூடிக்கொண்டே போகும் இந்தக் குணத்தைப் பிழைச் சேர்க்கை என்று சொல்லலாம். வட்டிக்குக் கடன் வாங்கியவருக்குப் புரியும்.

இதே பிழை ஒரு நாட்டின் அளவில் நடந்திருக்கிறது. பிழை என்று சொல்லக் கூடாது, அவர்கள் முடிவெடுத்தே செய்தார்கள். சோவியத் நாட்டு டிப் சிப்புகள் இஞ்சை ஏற்காமல் 2.5 மி.மீ. பிட்ச்சில் வந்தன. 14 கால் சிப் என்றால் பக்கத்துக்கு ஏழு கால், ஆறு இடைவெளி, 0.24 மி.மீ. வித்தியாசம், காலைக் கொஞ்சம் வளைத்து மேற்கத்திய சாக்கெட்டில் செருகிவிடலாம். 40 கால் சிப்பில் பக்கத்துக்கு இருபது கால். அதே 0.76. என் ஹெடரின் கதிதான்.

சின்ன பாகத்தில் பிழை தெரியாமல் போவதுதான் இதில் பெரிய வம்பு. பேட்டரி ஒயர்களில் பரவலாகப் பார்க்கும் ஜே.எஸ்.டி. எக்ஸ்.எச். கனெக்டரின் பிட்ச் 2.5 மி.மீ. அதைப் பலரும் 2.54 என்று நினைத்தே வரைகிறார்கள். நாலு பின் கனெக்டரில் 0.12 மி.மீ. தான் வித்தியாசம், லேசாக அழுத்தினால் இறங்கிவிடும். “போன தடவை சரியா வந்துச்சே” என்ற தைரியத்தில் அடுத்த முறை பெரிய கனெக்டருக்கும் அதே கிரிட்டைப் போடுவார்கள். நுண்ணிய சிப்புகளில் இன்னும் கொடுமை. 0.5 மி.மீ. பிட்ச்சுக்குப் பதில் ‘கிட்டத்தட்ட அதானே’ என்று 20 மில் கிரிட் வைத்தால் ஒரு இடைவெளிக்கு 0.008 மி.மீ. தான் கூடும். 100 கால் சதுர சிப்பில் பக்கத்துக்கு 25 கால், 24 இடைவெளி. முதல் காலைச் சரியாக வைத்தால் கடைசிக் கால் 0.19 மி.மீ. தள்ளி நிற்கும். அங்கே இரண்டு பேட்களுக்கு நடுவே இருக்கும் மொத்தக் காலி இடமே ஏறத்தாழ 0.2 மி.மீ. தான்.

ஆக, இங்கே நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவு: ஸ்னாப் என்பது முழுமையாக்கல் மட்டும். கிரிட் அளவு பாகத்தின் பிட்ச்சோடு பொருந்தவில்லை என்றால் பிழை பின்னுக்குப் பின் கூடும். ஃபுட்பிரின்ட் வரையும்போது கண்ணை நம்பாமல் பேடின் இடத்தை எண்ணாகத் தட்டுங்கள்.

தொட்டது போல இருக்கும், தொட்டிருக்காது

போர்டுக்கு முன்னால் வரையும் மின்சுற்றுப் படத்துக்கு ஸ்கிமேட்டிக் என்று பெயர். அங்கே கிரிட் அழகுக்கு இல்லை. ஒயரின் முனையும் பின்னின் முனையும் ஒரே இடத்தில் இருந்தால்தான் இணைப்பு. ஐந்து மில் தள்ளி இருந்தாலும் திரையில் ஒட்டியது போலவே தெரியும். மின்சுற்றைப் பொறுத்தவரை அது அறுந்த ஒயர்.

கீகேட்டில் ஸ்கிமேட்டிக் கிரிட் 50 மில் என்று வந்திருக்கும், லைப்ரரிச் சின்னங்களும் அதற்கேற்பவே வரையப்பட்டிருக்கும். யாராவது “நமக்கு எம்.எம். தானே” என்று அதை 1 மி.மீ. ஆக்கிவிட்டு, நாலு சின்னங்களை நகர்த்தி, மறுபடி 50 மில்லுக்குத் திரும்பினால் போதும். சின்னம் ஒரு கிரிட்டில், ஒயர் இன்னொரு கிரிட்டில். இணையாத பின் முனையில் குட்டி வட்டம் தெரியும், அதுதான் அடையாளம். புதிய பதிப்புகளில் மின்விதிச் சோதனையை ஓட்டினால் முனை கிரிட்டில் இல்லை என்று எச்சரிக்கையும் வரும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்து, கிரிட்டுக்கு ஒழுங்குபடுத்தும் கட்டளையைக் கொடுங்கள். மேலே சொன்னபடி ஸ்னாப் பழையதைத் தொடாது. இந்தக் கட்டளை தொடும். ஸ்கிமேட்டிக்கில் 50 மில்லை மாற்றாதீர்கள், இதற்கு விதிவிலக்கு தேட வேண்டாம்.

போர்டில் மட்டும் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. துளை வழியே கால் இறங்கும் பழைய பாணிப் பாகங்கள் மட்டும் என்றால் 50 மில்லோ 25 மில்லோ வசதி. தட்டையான பாகங்கள் அதிகம் என்றால் 0.5 மி.மீ. வைத்து அடுக்கிவிட்டு, டிராக் இழுக்க 0.1க்கு இறங்குவேன். திருகுத் துளை, பெட்டியோடு பொருந்தும் கனெக்டர், போர்டின் ஓரம் மூன்றையும் மவுஸால் வைக்கவே மாட்டேன், எண்தான். ஒரு போர்டில் மூன்று நான்கு முறை கிரிட் மாற்றுவது குற்றமில்லை, ஒரே கிரிட்டில் முடிப்பது சாதனையுமில்லை.

கோப்பு வெளியே போகும்போது

போர்டு தயாரிப்பவருக்கு நாம் அனுப்புவது கெர்பர் கோப்புகளும் துளைக் கோப்பும். கெர்பர் என்பது செம்பு எங்கே இருக்க வேண்டும் என்று எண்களாகச் சொல்லும் கோப்பு. இப்போதைய கெர்பரில் அலகு இஞ்சா மி.மீ.யா என்று தலைப்பிலேயே எழுதியிருக்கும். பழைய கெர்பர் முறையில் அது கோப்புக்குள் இருக்காது, தனியாகச் சொல்லி அனுப்ப வேண்டும். துளைக் கோப்பிலும் தலைப்பு தவறினாலோ தசமப்புள்ளியின் இடம் தவறாகப் படிக்கப்பட்டாலோ துளைகள் எல்லாம் 25.4 மடங்கு விரிந்தோ சுருங்கியோ விழும், அல்லது பத்து மடங்கு. அனுப்பும் முன் செம்புக் கோப்பையும் துளைக் கோப்பையும் ஒரு கெர்பர் வியூவரில் ஒன்றின்மேல் ஒன்றாகத் திறந்து பார்த்தால் போதும். மடங்குப் பிழை என்றால் துளைகள் ஒரு மூலையில் கொத்தாகக் குவிந்தோ போர்டுக்கு வெளியே சிதறியோ கிடக்கும், தவறவிடவே முடியாது.

0.76 மி.மீ. பிழை அப்படிப் பல்லைக் காட்டாது. அதற்கு நான் செய்வது பழைய வழி. போர்டை நூறு சதவீத அளவில், அதாவது தாளுக்குப் பொருத்து என்ற டிக்கை எடுத்துவிட்டு, சாதாரண ஏ4 தாளில் பிரின்ட் எடுக்கிறேன். ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்றையும் சேர்த்து அச்சிட்டு, முதலில் அதை ஸ்கேலால் அளக்கிறேன். 97 வந்தால் பிரின்டர் சுருக்கியிருக்கிறது, தாளைக் கசக்கிப் போடலாம். 100 வந்தால் தாளை ஒரு தெர்மாக்கோல் துண்டின் மேல் வைத்து, உண்மையான ஹெடரை எடுத்து முதல் பின்னை முதல் வட்டத்தின் நடுவில் வைத்துக் குத்துகிறேன். கடைசிப் பின் கடைசி வட்டத்தின் நடுவில் இறங்க வேண்டும். இறங்கினால்தான் ஆர்டர்.